பரணில் கிடக்கும் கல்லும் பயணம் போகும் கல்லும்

கோடை விடுமுறை நெருங்குகிறது. வண்டி கட்டிக்கொண்டு வெளியூர் போய், கூடாரம் போட்டோ கோயில் மண்டபத்தில் தங்கியோ சமைத்துச் சாப்பிடுகிறவர்களிடமிருந்து இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே வார்ப்பிரும்புப் பாத்திரங்கள் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் சமையல் கலைஞன் அல்லன். கோவை பீளமேட்டுப் பக்கம் ஒரு பவுண்டரியில் 31 ஆண்டுகள் மண்ணில் அச்சுப் பிடித்து இரும்பு ஊற்றியவன். பம்பு உறைகளும் மோட்டார் உடல்களும்தான் எங்களுக்குப் பிரதான வேலை. இடையிடையே தோசைக்கல்லும் பணியாரக்கல்லும் வார்த்திருக்கிறோம். அவை வீடுகளில் படும் பாட்டைப் படிக்கும்போது மனம் பொறுக்கவில்லை. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

ஈரோடு வாசகி: வருடத்துக்கு ஒரு முறை வேன் பிடித்துக் குலதெய்வக் கோயிலுக்குப் போய் இரண்டு நாள் தங்கிச் சமைப்போம். என் மாமியார் காலத்துத் தோசைக்கல், பணியாரக்கல், இரும்புச் சட்டி மூன்றும் அதற்கென்றே இருக்கின்றன. திரும்பி வந்ததும் கழுவி, நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவி, பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் வைத்துவிடுவேன். அடுத்த வருடம் எடுத்தால் துருவும் சிக்கு வாடையும். எங்கே தவறுகிறது?

சகோதரி, உங்கள் அக்கறையில் குறையில்லை. எண்ணெய் அதிகம், காற்று குறைவு. அதுதான் சிக்கல்.

எண்ணெய் தடவினால் துருப் பிடிக்காது என்பது பாதி உண்மை. மெல்லியதாகத் தடவிய எண்ணெயைப் புகை கிளம்பும் அளவுக்குச் சூடேற்றினால் அது இறுகி, கல்லோடு ஒட்டிய கருநிறப் படலமாகிறது. நாம் 'கல் பழகிவிட்டது' என்று சொல்வது அந்தப் படலத்தைத்தான். சூடேற்றாமல் தடவி வைத்த எண்ணெய் எண்ணெயாகவே இருக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போய்ச் சிக்கு வாடை அடிக்கும். பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டால் கழுவியபோது மிஞ்சிய ஈரமும் வெளியே போக வழியில்லை. பகலில் ஆவியாகி, இரவுக் குளிரில் முத்து முத்தாகக் கல்லின் மேலேயே திரும்பப் படியும். எண்ணெய் திட்டுத் திட்டாக விலகிய இடங்களில் துரு தொடங்கிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். கழுவிய கல்லைத் துணியால் துடைத்ததோடு விடாமல் அடுப்பில் ஏற்றி, சிறு தீயில் ஐந்து நிமிடம் வையுங்கள். நம் வார்ப்பின் மேல்தோலில் மண் அச்சின் பொடிப் பொடியான சொரசொரப்பு இருக்கும். அந்த இடுக்குகளில் நிற்கும் நீர் துணிக்கு அகப்படாது. கல் சூடாக இருக்கும்போதே அரை டீஸ்பூன் நல்லெண்ணெயை முன்னும் பின்னும் தேய்த்து, வேறொரு காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்து எடுங்கள். பிறகு லேசாகப் புகை வரும்வரை சூடேற்றி, தானாக ஆற விடுங்கள். ஆறிய கல்லில் விரலை இழுத்துப் பார்த்தால் விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னொரு முறை துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது இறுகிப் படலமாகும் வகை எண்ணெய் அல்ல.

பைக்குப் பதிலாகப் பழைய பருத்தி வேட்டியில் தளர்வாகச் சுற்றுங்கள். சட்டிக்கு மூடி இருந்தால் அதை இறுக மூடாமல், இடையில் மடித்த துணி ஒன்றைக் கொடுத்து வையுங்கள். உள்ளே நாலைந்து அடுப்புக்கரித் துண்டுகளைத் துணியில் முடிந்து போட்டால் ஈரத்தை ஓரளவு வாங்கிக்கொள்ளும்.

பரணைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் மாமியார் வைத்த பரண் விறகடுப்புக்கு மேலே இருந்திருக்கும். தினமும் இரண்டு வேளை சூடும் புகையும் ஏறிய இடம் அது. அங்கே ஈரம் தங்காது. விதைச் சோளத்தையே அங்குதான் கட்டித் தொங்கவிட்டார்கள். இப்போதைய வீடுகளில் பல பரண்கள் குளியலறைக்கு மேலே இருக்கின்றன. இரும்புக்கு அதைவிட மோசமான இடம் வீட்டுக்குள் கிடையாது. படுக்கையறை அலமாரியின் அடித்தட்டுக்கு மாற்றுங்கள். கூடவே ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாதம் ஒரு தடவையாவது எடுத்து ஒரு தோசை வார்த்துவிடுங்கள். வருடம் முழுக்கப் படுத்துக் கிடக்கும் கல்லைவிட மாதம் ஒரு நாள் சூடாகும் கல் நன்றாக இருக்கும்.

இந்த வருடத் துருவுக்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. அரிசி கழுவிய புளித்த நீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, மறுநாள் புளியும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தால் சிவப்பு போய்ச் சாம்பல் நிற இரும்பு தெரியும். உடனே அடுப்பில் உலர்த்தி, மேலே சொன்னபடி எண்ணெய் தேய்த்துச் சூடேற்றுவதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். இதைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். கோயிலில் கிடா வெட்டி, ஈரலும் ரத்தமும் பொரிக்க ஆட்கள் காத்திருக்கும் நேரத்தில் துரு தேய்த்துக்கொண்டிருக்க முடியாது.

நாமக்கல் வாசகர்: நண்பர்கள் ஐந்து பேர் காரில் கொல்லிமலைக்குப் போனோம். மூடி போட்ட வார்ப்பிரும்புச் சட்டியும் தோசைக்கல்லும் கொண்டுபோனோம். மேலே போய்ப் பார்த்தால் மூடியின் பிடி உடைந்திருந்தது. கீழே எதுவும் விழவில்லை. எப்படி உடையும்?

தம்பி, அந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் சட்டி ஒரு பக்கம் சரிந்து, அடுத்த வளைவில் மறுபக்கம் சரிந்திருக்கும். போகும்போது 70, வரும்போது 70. விழ வேண்டியதில்லை; இடித்துக்கொண்டே வந்தால் போதும்.

வார்ப்பிரும்பில் ஏறத்தாழ மூன்று சதவீதத்துக்கு மேல் கரி கலந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி மெல்லிய செதில் செதிலாக இரும்புக்குள் பரவி நிற்கும். உருக்கைத் தட்டினால் வளையும். வார்ப்பிரும்பு வளையாது, அந்தச் செதில்களின் ஓரமாக விரிசல் ஓடிவிடும். பார்வைக்கு முரட்டுப் பண்டம், உள்ளே மண்பானையின் குணம். ஆகவே பானை ஏற்றுவதுபோல ஏற்றுங்கள். பானைக்காரர்கள் வண்டியில் வைக்கோல் பரப்பித்தானே அடுக்குவார்கள்?

சட்டியை எப்போதும் வண்டியின் தரையில் வையுங்கள். மேற்கூரைக் கம்பியிலோ பின் கண்ணாடிப் பலகையிலோ வேண்டவே வேண்டாம். நாலு கிலோ இரும்பு திடீர் பிரேக்கில் முன்னால் பாய்ந்தால் பின்னிருக்கையில் இருப்பவர் மண்டைக்கு ஆபத்து. முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவிலுள்ள கால் வைக்கும் பள்ளம் நல்ல இடம். தக்காளிக் கூடையின் அடியில் மடித்த கோணிச் சாக்கு, அதன் மேல் கவிழ்த்த தோசைக்கல், மறுபடி சாக்கு, அதன் மேல் சட்டி என்று வைக்கலாம். மூடியைத் தலைகீழாகத் திருப்பி, பிடி சட்டிக்குள் இருக்குமாறு வையுங்கள். உங்கள் மூடி உடைந்தது பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால்தான். பிடிக்கும் சட்டியின் அடிக்கும் நடுவே ஒரு துண்டைச் சுருட்டித் திணித்து, எல்லாவற்றையும் பழைய சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டுங்கள். டியூப் கயிறுபோல் தளராது; வளைவுக்கு வளைவு தானே இறுக்கிக்கொள்ளும். இரும்பும் இரும்பும் நேராகத் தொடக் கூடாது என்பது ஒன்றுதான் விதி.

உடைந்த பிடியின் கூர் முனையை அரத்தால் ராவிவிட்டுப் பயன்படுத்துங்கள். மூடிக்கு ஒன்றும் இல்லை. இடுக்கியால் எடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, நீங்கள் கேட்காவிட்டாலும். எங்கே தீ மூட்டினீர்கள் என்று எழுதவில்லை. காப்புக் காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இளைஞர்கள் இறந்ததை நான் மறக்கவில்லை. தங்கும் விடுதியின் முற்றத்திலோ தோட்டக்காரர் அனுமதித்த இடத்திலோ மட்டும் அடுப்பு வையுங்கள். தணலை நீர் ஊற்றிக் கிளறி, கை வைத்துப் பார்த்துவிட்டு நகருங்கள். ஊற்றும்போது கல்லைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

தூத்துக்குடி வாசகி: கடற்கரையில் கூடாரம் போட்டு மீன் வறுக்க இரும்புச் சட்டி கொண்டுபோவோம். ஈரம் உறிஞ்சட்டும் என்று சட்டிக்குள் கல் உப்பு மூட்டை ஒன்றைப் போட்டு வைக்கிறேன். அப்படியும் துரு வருகிறதே?

அம்மா, அந்த மூட்டையை இன்றே வெளியே எடுங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பது உண்மைதான். இழுத்த ஈரத்தில் கரைந்து துணி வழியாகக் கசியும். உப்புநீர் பட்ட இரும்பு வெறும் நீர் பட்டதைவிடப் பல மடங்கு வேகமாகத் துருப்பிடிக்கும். உங்கள் ஊர்ப் படகுகளின் ஆணியைப் பார்த்தாலே தெரியும். கரித்துண்டு போடுங்கள், அல்லது ஒன்றும் போடாமல் திறந்து வையுங்கள்.

கடலோரத்தில் காற்றே உப்பு. அங்கே பாத்திரத்தைக் கடல்நீரில் அலசுவதை மட்டும் செய்யாதீர்கள். மணல் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். அதிலும் உப்பு இருக்கிறது, படலத்தையும் உரித்துவிடும். மீன் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீர் ஒரு செம்பு ஊற்றிச் சுட வைத்து, மர அகப்பையால் சுரண்டி ஊற்றிவிட்டு, தணலின் மேலேயே உலர்த்துங்கள். வீடு திரும்பியதும் ஒரு முறை வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தேய்த்துச் சூடேற்றுங்கள். புளி ஊற்றிய மீன் குழம்பை மட்டும் மண்சட்டியில் வையுங்கள். புளிப்பு அந்தப் படலத்தைத் தின்றுவிடும், குழம்பும் கறுக்கும்.

மதுரை வாசகர்: குடும்பத்தோடு ரயிலில் போகிறோம். தோசைக்கல், சட்டி, சிறிய கேஸ் அடுப்பு எல்லாம் கொண்டுபோகலாமா?

கல்லும் சட்டியும் தாராளமாகப் போகலாம். தூங்கும் வசதிப் பெட்டியில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமின்றி அனுமதி உண்டு. கீழ் இருக்கைக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளி வையுங்கள். மேல் படுக்கையில் வேண்டாம்.

கேஸ், மண்ணெண்ணெய், எதுவும் கூடாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் அதைக் குற்றமாகவே சொல்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் உங்கள் மதுரை நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்களே, அனுமதியின்றிக் கொண்டுவந்த சிலிண்டர்தான் அதற்குக் காரணம். அடுப்பைப் போய்ச் சேர்ந்த ஊரில் வாடகைக்கு எடுங்கள்.

சென்னை வாசகர்: பக்கவாட்டில் கேஸ் டப்பா செருகும் சிறிய அடுப்பு வைத்திருக்கிறேன். அதில் 14 அங்குலத் தோசைக்கல் வைக்கலாமா?

கூடாது. உங்கள் கல் அடுப்பைத் தாண்டி அந்த டப்பாவின் மேல்வரை நிழல்போல் கவிந்து நிற்கும். வார்ப்பிரும்பு சூட்டை வெகுநேரம் பிடித்து வைத்துக் கீழேயும் வீசும். டப்பா சூடேறினால் உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கும். அந்த அடுப்புக்கு டப்பாப் பக்கம் நீளாத 9 அல்லது 10 அங்குலக் கல்தான். பெரிய கல்லுக்கு மூன்று கல் கூட்டிய விறகடுப்போ இரும்பு முக்காலி அடுப்போதான் ஏற்றது. உச்சந்தீயில் வெறும் கல்லை வைத்துவிட்டு அரட்டையில் இருந்துவிடவும் கூடாது, அடி கோணும்.

திருப்பூர் வாசகி: மகள் அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கிறாள். வாரக் கடைசியில் காட்டோரம் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அவளுக்குப் பணியாரக்கல்லும் பெரிய சட்டியும் கொண்டுபோக ஆசை. விமானத்தில் விடுவார்களா?

விடுவார்கள், ஆனால் கைப்பையில் அல்ல. அமெரிக்க விமான நிலையச் சோதனையில் வார்ப்பிரும்புப் பாத்திரத்தைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை. அடித்தால் ஆயுதம் என்பது அவர்கள் கணக்கு. சரக்காகப் போடும் பெட்டியில் வைக்கலாம். பெட்டியின் நட்டநடுவில், நாலு பக்கமும் துணி சூழ வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பெட்டியை எறியும்போது அடி நேராகக் கல்லுக்குப் போகும். எண்ணெய் ஈரம் துளியும் இல்லாமல் துடைத்துவிடுங்கள், பட்டுப்புடவை பக்கத்தில் இருக்கும்.

சட்டியைத் தூக்கிச் சுமக்காதீர்கள். 1896 முதல் வார்ப்பிரும்புப் பாத்திரம் வார்க்கும் லாட்ஜ் நிறுவனம் அவர்கள் பக்கத்து மாநிலமான டென்னசியில்தான் இருக்கிறது. கூடாரச் சமையலுக்கென்றே 'டச்சு அவன்' என்று ஒரு சட்டி அங்கே கிடைக்கிறது. அடியில் மூன்று குட்டைக் கால்கள், மேலே விளிம்பு உயர்ந்த தட்டை மூடி. கீழே தணல், மூடியின் மேலும் தணல். ஆம்பூரில் பிரியாணிக்குத் தம் போடும்போது மூடி மேல் தணலை அள்ளிப் போடுவார்களே, அதே முறை. விளிம்பு இருப்பதால் தணல் சரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். பயணத்தில் முதலில் உடைவது அந்தக் கால்கள். சட்டியின் அளவுக்கு ஒரு மரப்பெட்டி செய்து, அடியில் தடித்த துணி போட்டு, கால்கள் அதில் புதைய வைக்கச் சொல்லுங்கள்.

பணியாரக்கல்லை மட்டும் கொண்டுபோங்கள். அங்கே டேனிஷ்காரர்களின் குழிக்கல் ஒன்று விற்கிறது, ஆனால் குழி பெரியது. நம் பணியாரத்துக்கு நம் கல்தான்.

கோத்தகிரி வாசகர்: வீட்டின் பின்னால் கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்களுக்கு நாங்கள் வார்ப்பிரும்புக் கல்லில்தான் சமைத்துத் தருகிறோம். இரவு வெளியே வைத்த கல்லில் காலையில் துரு. ஒரு கல்லில் விரிசல் வேறு. வெல்டிங் வைக்கலாமா?

உங்கள் ஊர்ப் பனிக்கு ஓர் இரவே போதும். கடைசித் தோசை முடிந்ததும் உலர்த்தி, எண்ணெய் துடைத்து, கூரைக்குள் ஆணியில் மாட்டுங்கள். குளிர்ந்த கல்லைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தாலும் மேலே நீர் பூக்கும், கொண்டுவந்ததும் துடையுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பை தடை என்பதால் அதில் சுற்றும் தவறை நீங்கள் செய்யவே முடியாது. நல்லதுதான். துணியும் சாக்கும் போதும்.

விரிசலுக்கு வெல்டிங் வேண்டாம். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்ய நிக்கல் கம்பி உண்டு, தொழிற்சாலையில் இயந்திர உடல்களுக்குச் செய்வோம். ஆனால் தினமும் சூடாகி ஆறும் சமையல் கல்லில் அந்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். விரிசல்தானா, கீறலா என்று சந்தேகமிருந்தால் கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல கல் ஒரே சீரான ஓசை தரும். விரிந்த கல் உடைந்த பானைபோல் கரகரக்கும்.

1996-இல் ஆழியாறு அணைப் பக்கம் குடும்பத்தோடு போய்ச் சமைத்தோம். மழை வரும்போல் இருந்தது. சீக்கிரம் மூட்டை கட்டிக் கிளம்பலாம் என்று, சூடாக இருந்த அம்மாவின் பணியாரக்கல்லில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். தொழிலில் அப்போது எனக்குப் பதினெட்டு வருடம். 'டிக்' என்று ஒரு சத்தம், விளிம்பிலிருந்து இரண்டு குழிகளின் குறுக்கே ஒரு மயிரிழைக் கோடு. அம்மா அதன் பிறகும் நாலு வருடம் அந்தக் கல்லை விடவில்லை. விரிசல் ஓடிய இரண்டு குழிகளை விட்டுவிட்டு மற்ற ஐந்தில் மட்டும் மாவு ஊற்றுவார். ஒரு நாள் அடுப்பிலிருந்து இறக்கும்போது அது இரண்டாகப் பிளந்து, காய்ந்த எண்ணெய் அவர் காலில் கொட்டியது. ஆகவே, விரிந்த கல்லை வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குக் கொடுங்கள், அது உருகி மறுபடி வார்ப்பாக வரும். அம்மாவின் கல்லின் இரண்டு துண்டுகளையும் நானே எடுத்துக்கொண்டுபோய் உலையில் போட்டேன். அன்றைக்குப் பம்பு உறைகள் ஊற்றினோம்.